கேப்டனைத் தேடிப் போய் கன்டக்டரைக் கண்டுபிடித்தோம்

என் மனைவியின் பிறந்த வீடு பெரம்பூர். ஆங்கிலோ இந்தியக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக ரயில்வே. குடும்பத்தின் முதல் ஆள் அயர்லாந்திலிருந்து வந்த கேப்டன் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிவிட்ட ஒரு உறவுக்காரப் பெண் குடும்ப மரம் வரைய ஆரம்பித்து, கேப்டனின் பெயரும் ஊரும் கேட்டாள். என் மாமியார், மம்மி என்றுதான் கூப்பிடுவேன், வேலையை என் தலையில் கட்டிவிட்டார். "எப்பவும் கம்ப்யூட்டர் முன்னாடிதானே இருக்கே மேன், நீயே பாரு."

பாதி வழி சுலபம். உயிரோடு இருப்பவரிடம் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். மம்மியின் ஞானஸ்நானச் சான்றிதழ், அவர் அப்பாவின் ரயில்வே வேலைத்தாள், தாத்தாவின் திருமணப் பதிவு. மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1698 முதல் 1948 வரை அந்தத் தொடர் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற எண்ணில் இருக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்தில் அட்டவணை இலவசம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தேடுதளமும் இலவசம். இவற்றை வைத்துக்கொண்டு 1820 வாக்கில் நடந்த ஒரு கல்யாணம் வரை வந்துவிட்டேன். மணப்பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் இருந்தது. அந்தப் பெயரை வைத்து அவளுடைய ஞானஸ்நானமும் கிடைத்தது. அதில் அப்பா பெயர் உண்டு. அம்மா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

இது எழுத்தரின் மறதி இல்லை. அந்தக் காலத்துப் பதிவேடுகளில் அம்மா இந்தியப் பெண்ணாக இருந்தால் பெயரை விட்டுவிடுவது சாதாரணம். கல்யாணம் நடக்கவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது: இந்தியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அதன் உயர் பதவிகள் கிடையாது. 1795-ல் இன்னும் இறுக்கி, படையில் அவர்கள் டிரம் அடிக்கலாம், குழல் ஊதலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம், அவ்வளவுதான் என்றார்கள். பிள்ளைக்கு நல்லது நினைக்கும் எந்த அப்பாவும் அம்மா பெயரை வெளியே சொல்லத் தயங்கியிருப்பார். ஆகவே பதிவேடு அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது.

உயில் அப்படி மூடிக்கொள்ள முடியாது. பணம் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லியாக வேண்டுமே! யாருக்கு, எவ்வளவு, எங்கே இருக்கிறாள் என்று எழுதாவிட்டால் பணம் போய்ச் சேராது. இது புரிந்த பிறகுதான் உயில்கள் பக்கம் திரும்பினேன். இன்று யாராவது என்னிடம் கேட்டால், பதிவேடு தீரும்வரை காத்திருக்காமல் உயிலையும் கூடவே தேடு என்றுதான் சொல்வேன்.

எங்கே தேடுவது என்பது ஆள் செத்த காலத்தைப் பொறுத்தது. மெட்ராஸில் 1726 சாசனத்துக்குப் பிறகு புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, கொடுத்தது மேயர் நீதிமன்றம். 1798-லிருந்து ரெக்கார்டர் நீதிமன்றம், 1801-லிருந்து சுப்ரீம் கோர்ட், 1862-லிருந்து உயர் நீதிமன்றம். மேயர் நீதிமன்ற ஆவணங்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உண்டு. லண்டனுக்குப் போன உயில் பிரதிகள் எல்/ஏஜி/34/29 என்ற தொடரில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கட்டினால் பக்கத்தின் படத்தையே பார்க்கலாம். ஆள் இங்கிலாந்திலும் சொத்து வைத்திருந்தால் கேன்டர்பரி நீதிமன்ற உயில்களில் இன்னொரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் புரோப் 11 என்ற எண்ணில் உள்ளன, 1858 வரை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்ததும் கம்பெனித் தலைமை கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய், 1752-ல்தான் திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்து ஆட்களைத் தேடுகிறவர்கள் கடலூரை மறந்துவிட வேண்டாம்.

அட்டவணையில் இருக்கும் வருஷம் உயில் எழுதிய வருஷமும் இல்லை, ஆள் செத்த வருஷமும் இல்லை, நீதிமன்றத்துக்கு வந்த வருஷம். எங்கள் ஆளுடைய உயில் அவர் அடக்கமான வருஷத்தில் இல்லை, அதற்குப் பின்னால் இருந்தது. 1752-க்கு முந்திய உயில் என்றால் இன்னொரு சங்கதி: அப்போது ஆங்கிலேயருக்கு வருஷம் பிறப்பது மார்ச் 25. ஜனவரியில் எழுதியது பழைய வருஷக் கணக்கில்தான் வரும். உயிலுக்கு முன்னாலேயே ஆள் செத்துவிட்டது போலத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

கையெழுத்துதான் பெரிய தொல்லை. நாம் பார்ப்பது பெரும்பாலும் நீதிமன்றக் குமாஸ்தா பதிவேட்டில் எடுத்த நகல், செத்தவரின் சொந்தக் கையெழுத்தைத் தேடி ஏங்கிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஒரு வசதி உண்டு. எல்லா உயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தொடங்கும்: கடவுளின் பெயரால் ஆமென், உடல் தளர்ந்தாலும் புத்தி தெளிவாக இருக்கிறது, கடனையும் அடக்கச் செலவையும் முதலில் கொடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த வரிகள் என்பதால், அந்தக் குமாஸ்தா எப்படி எழுத்துப் போடுகிறார் என்பதை அங்கேயே பழகிக்கொள்ளலாம். நான் முதல் பத்து வரியை டிரேசிங் தாளில் அப்படியே வரைந்தேன். பெரிய எழுத்துகளைத் தனியாக ஒரு அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டு பெயர்கள் வரும் இடத்துக்குப் போனேன்.

சரி, எங்கள் உயில். 1810-களில் எழுதியது. முதல் வரியிலேயே கேப்டன் காலி. கன்டக்டர் ஆஃப் ஆர்ட்னன்ஸ் என்று போட்டிருக்கிறது. சார்ஜென்ட்டுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே உள்ள வாரன்ட் பதவி. பீரங்கிக்கான மருந்து, குண்டு, வண்டி, மாடு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. என் மைத்துனன் கேட்ட முதல் கேள்வி "எந்த ரூட்டு?" என்பதுதான்.

அடுத்த பக்கத்தில் அந்தப் பெண். தன்னோடு பல வருஷம் வாழ்ந்த மலபார் பெண் என்று எழுதி, பெயரையும் போட்டிருக்கிறார். அன்றைய மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜென்டூ என்றும்தான் எழுதுவார்கள், ஆகவே கேரளாவுக்கு ஓட வேண்டியதில்லை. சுத்தமான தமிழ்ப் பெயர். உயிலில் வரும் மூன்று இடத்திலும் மூன்று விதமாக எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள். அவளுக்கு உயிரோடு இருக்கும்வரை மாதம் மூன்று ஸ்டார் பகோடா, அன்றைய மெட்ராஸ் தங்க நாணயம். பகோடாவுக்கு மூன்றரை ரூபாய் கணக்கில் பத்தரை ரூபாய் வரும். வேப்பேரியில் ஒரு சிறு வீடும் மனையும் அவள் பெயருக்கே. அவளுக்குப் பிறந்த ஒரு மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் மீதிப் பணம், 21 வயது நிரம்பும்போது அல்லது பெண்களுக்குக் கல்யாணம் ஆகும்போது. இந்த ஒரு வரியிலிருந்தே மூன்று பேரும் அப்போது 21-க்குக் கீழே என்று தெரிகிறது, ஞானஸ்நானம் கிடைக்காத கடைசி மகளுக்கும் ஒரு தோராய வயது கிடைத்துவிடுகிறது. உயிலில் பையனை முதலில் எழுதியதால் அவன்தான் மூத்தவன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண் பிள்ளைகளை முதலில் எழுதுவது வழக்கம். எங்கள் உயிலில் மகன்தான் கடைக்குட்டி.

மம்மிக்கு இதைத் தமிழில் படித்துச் சொன்னேன். கேப்டன் போனதில்தான் அவருக்கு வருத்தம். வேப்பேரி வீடு எந்தத் தெருவில் என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், அந்தப் பெண்ணின் பெயரை வெளியே எழுதாதே என்றும் சொல்லிவிட்டார். அவமானம் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவளைப் பற்றி எல்லோருக்கும் முதலில் அவரே சொல்ல வேண்டுமாம்.

வேப்பேரி என்றதும் ஒரு சின்ன விலகல். மெட்ராஸ் உயில்களில் பேர்போனது ஆர்மீனிய வியாபாரி கோஜா பெட்ரஸ் உஸ்கானுடையது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தையும் பரங்கிமலைப் படிக்கட்டையும் கட்டியவர், இரண்டின் பராமரிப்புக்கும் பணம் வைத்துவிட்டு 1751-ல் இறந்தார். உடல் வேப்பேரியில் இருக்கிறது, இதயத்தை மட்டும் தங்கப் பெட்டியில் வைத்துப் பாரசீகத்து ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள் என்பார்கள். எங்கள் கன்டக்டருக்கு அவ்வளவு வசதி இல்லை. நண்பர்கள் இரண்டு பேருக்குத் துக்க மோதிரம் (செத்தவரின் நினைவாகப் போட்டுக்கொள்வது), ஒருவருக்கு வெள்ளிக் கடிகாரம்.

உயிலோடு நிறுத்தாமல் சொத்துப் பட்டியலையும் பார்த்தது நல்லதாகப் போயிற்று. அது வேறு தொடர், எல்/ஏஜி/34/27. செத்தவரின் சாமான்களை ஏலம் விட்டு, எது, எவ்வளவுக்கு, யார் எடுத்தது என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டில், நாற்காலி, பழைய கோட்டு, மதேரா ஒயின் பாட்டில்கள், ஒரு பிடில். விலை பகோடா, பணம், காசு என்று மூன்று பத்தியில் ஓடுகிறது: ஒரு பகோடாவுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அந்தப் பிடிலை எடுத்தவர் பெயரைப் பார்த்ததும் கல்யாணப் பதிவைத் திறந்து வைத்துச் சரிபார்த்தேன். ஓரிரு வருஷத்தில் மூத்த மகளைக் கட்டிக்கொண்டவர் அவர்தான்!

ஆனால் அதை வைத்து மட்டும் ஆணி அடித்துவிட முடியாது. எங்கள் கன்டக்டரின் பெயரிலேயே இன்னொரு ஆள் அப்போது மெட்ராஸ் காலாட்படையில் இருந்தார், அவருக்கும் மகள்கள். இந்த மாதிரி இடத்தில் பெயரை விட்டுவிட்டு பெயரைச் சுற்றி இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற இருவரும் பீரங்கிப் படைக்காரர்கள், அந்தப் படையின் தலைமையிடம் பரங்கிமலை. ஞானஸ்நானம் அங்கே, கல்யாணம் அங்கே, கல்யாணச் சாட்சிகளில் ஒருவர் துக்க மோதிரம் வாங்கியவர். காலாட்படைக்காரருக்கு இந்த வட்டத்தில் ஒருவரோடும் தொடர்பு இல்லை.

முடிச்சை இறுக்கியது இரண்டாவது உயில், அந்த மூத்த மகள் கிழவியாகி எழுதியது. பெண்கள் உயில் குறைவு, ஏனென்றால் கணவன் இருக்கும்வரை சொத்து அவன் கையில். 1865 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1866 முதல் நாளில் நடப்புக்கு வந்துதான் அதை மாற்றியது. அதற்கு முன்னால் என்றால் விதவைகளின் உயிலைத் தேடுங்கள், பேரன் பேத்தி, மருமகள், செத்துப்போன மகளின் பிள்ளைகள் என்று ஒருவரையும் விடாமல் எழுதியிருப்பார்கள். இந்தக் கிழவியும் அப்படித்தான். "என் தாயிடமிருந்து வந்த வேப்பேரி வீடு" என்று ஒரு வரி, மெட்ராஸ் ரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருக்கும் பேரனுக்கு ஒரு பங்கு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியதே, அந்தக் கம்பெனிதான். அந்தப் பேரனிலிருந்து மம்மிவரை வேலைத்தாள்கள் எங்களிடமே இருக்கின்றன.

அயர்லாந்துக் கதை மட்டும் பொய்யில்லை. லிமரிக்கில் இருக்கும் தங்கை உயிரோடு இருந்தால் அவளுக்கு ஐம்பது பகோடா என்று உயிலின் கடைசியில் வருகிறது. மெட்ராஸ் படைப் பதிவேட்டிலும், எல்/எம்ஐஎல்/11 தொடர், அவர் வந்த கப்பலோடு அதே மாவட்டம் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் போக அங்கிருக்கும் உயில்கள் வேண்டும். 1922 ஜூன் 30-ல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வெடித்து எரிந்தபோது அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகத்தின் உயில்கள் அநேகமாக முழுதும் சாம்பலாயின. வில்லியம் பெதாம் என்பவர் அதற்கு வெகு முன்பே எடுத்து வைத்த வம்சக் குறிப்புகள் தப்பின, ஆனால் அவை பசையுள்ள குடும்பங்களின் உயில்கள். பீரங்கிப் படையில் சேரக் கப்பலேறிய பையனின் அப்பாவுக்கு அதில் இடமில்லை.

பெர்த்துக்கு மரத்தை அனுப்பியாயிற்று. ஒரு கிளை மட்டும் பாக்கி, அந்தக் கடைக்குட்டி மகன். 21 வயதில் தன் பங்கை வாங்கிக்கொண்டதாக உயிலின் கணக்குத்தாளில் ஒரு வரி, பக்கத்தில் டிரம்மர் என்று பதவி. உயில் எழுதும் அளவுக்கு அவன் சேர்த்திருப்பான் என்று தோன்றவில்லை. அதனால் இப்போது பட்டாளங்களின் ஆள் பட்டியல்களை ஒவ்வொரு வருஷமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மம்மி தினமும் கேட்கிறார்.