பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது

26 வார விடுப்பில் பலரும் போடாத ஒரு கணக்கு இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் சம்பளத்தோடு 26 வாரம். அதில் பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். எட்டையும் முன்னாலேயே எடுத்துவிட்டால், திரும்பும் நாளில் குழந்தைக்கு நாலு மாதம் சொச்சம்தான். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் வயது. கடைசி வரை வேலை பார்த்தவரின் குழந்தை ஆறு மாதத்தைத் தொட்டு, கூழும் மசித்த சாதமும் ஆரம்பித்திருக்கும். உடம்பு இடம் கொடுத்து, மருத்துவரும் சரி என்றால், விடுப்பைப் பின்னால் மிச்சம் வையுங்கள்.

அடுத்தது பால். பயணத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரம் வெளியே இருப்பவர், மணிக்கு 30 மில்லி என்று வைத்து, ஏறக்குறைய 300 மில்லி விட்டுச் செல்ல வேண்டும். நாலு வாரம் முன்பே தொடங்குங்கள். காலை முதல் பால் கொடுத்த கையோடு பம்ப் செய்தால் கூடுதலாக வரும். 60 மில்லி பொட்டலங்களாகப் பிரித்து, தேதி எழுதுங்கள். வெளியில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜின் உள்தட்டில் 4 நாள் தாங்கும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரை இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். உருக்கிய பாலைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. மேலே கொழுப்பு ஆடைபோல் ஒதுங்கினால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் இதை முன்பே சொல்லாவிட்டால், பாவம், நல்ல பாலைக் கொட்டிவிடுவார்.

பாட்டிலை மறுக்கிற குழந்தைக்குப் பாலாடையில் (பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுக்கலாம். அம்மா கொடுத்தால் மார்பைத்தான் தேடும். அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும், அம்மா அடுத்த அறையில்கூட இருக்க வேண்டாம்.

அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் செய்யுங்கள். தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம், சுரப்பும் குறையும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக இரண்டு இடைவேளை சட்டப்படி உங்களுக்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். பம்ப் செய்யக் கேட்க வேண்டியது தாழ்ப்பாளும் ப்ளக்கும் உள்ள ஓர் அறை. கழிவறையைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

வேலை விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு, யாரும் கேட்காமலே "கொஞ்ச நாள் லேசான வேலை கொடுங்க" என்று சொல்லிவிடுவது. சொல்ல ஒரு நிமிடம். பழைய பொறுப்பைத் திரும்பப் பெற ஒரு வருடம்கூட ஆகலாம். நேரத்தில் சலுகை கேளுங்கள், பொறுப்பில் கேட்காதீர்கள். ஒரு மாதம் முன்பே மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: சேரும் தேதி, திரும்ப எடுத்துக்கொள்ளும் பணி, பம்ப் நேரம், மாலை கிளம்பும் நேரம். விடுப்பில் இருந்த மாதங்களை மதிப்பீட்டில் எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதையும் அதிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சேரும் நாள் வியாழனாக இருக்கட்டும். இரண்டே நாளில் வார இறுதி வந்துவிடும். எது சரிப்படவில்லை என்று பார்த்துத் திருத்தலாம். தனியார் நிறுவன அப்பாக்களுக்குச் சட்டப்படி விடுப்பு கிடையாது. கணவர் தன் சொந்த விடுப்பில் ஐந்து நாளைப் பிரசவத்தின்போதே செலவழிக்காமல் இந்த வாரத்துக்கு வைத்திருக்கட்டும்.