எந்த செல்லின் சேனல்? ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

எலி மூளைத் துண்டுகள் இன்று நன்றாக வந்தன. 300 மைக்ரோமீட்டர் தடிமன். ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் சில மணி நேரம்தான் செல்கள் தாங்கும், அதற்குள் அளந்துவிட வேண்டும். நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால் சவ்வு நுனியோடு ஒட்டிக்கொள்ளும். 1976இல் எர்வின் நெயரும் பெர்ட் ஸாக்மனும் இதன் தொடக்க வடிவத்தை வைத்துத்தான் ஒற்றை அயனிச் சேனலின், அதாவது சவ்வில் சோடியம் போன்ற அயனிகள் கடக்கும் நுண்வாயிலின், மின்னோட்டத்தைப் பிடித்தார்கள். ஆம்பியரின் லட்சம் கோடியில் சில பங்கு அது! எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது வியப்புதான்.

குழந்தைகளுக்கு வரும் ஒரு கடும் வலிப்பு நோயைப் படிக்கத்தான் இந்த எலிகள். நரம்புசெல்லின் ஒரு வகைச் சோடியம் சேனலைச் செய்யும் எஸ்சிஎன்1ஏ மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இவற்றுக்குக் கெட்டிருக்கிறது. மற்ற செல்களின் துடிப்பைத் தணிக்கும் அடக்கும் நரம்புசெல் ஒன்றை மின்சாரத்தால் தூண்டினேன். குறைந்த தூண்டலுக்குச் சரியாகத் துடித்தது. கூட்டியதும் மின்துடிப்புகள் சிறுத்து, நின்றுவிட்டன. பக்கத்தில் இருந்த, மற்ற செல்களைத் துடிக்க வைக்கும் தூண்டும் செல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மார்ச் 6, வியாழன்

புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டார்: "சோடியம் உள்ளே வந்தால்தானே நரம்பு துடிக்கும்? சேனல் குறைந்தால் வலிப்பு குறையத்தானே வேண்டும்?"

சரியான கேள்வி. இந்த நோய்க்கு ட்ரவே சின்ட்ரோம் என்று பெயர். 1978இல் பிரான்ஸின் ஷார்லட் ட்ரவே இதைத் தனி நோயாக விவரித்தார். நன்றாக இருந்த குழந்தைக்கு முதல் வயதுக்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வரும், பிறகு வளர்ச்சியும் தடுமாறும். 2001இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ஆராய்ந்த ஏழு குழந்தைகளிடமும் எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது.

மாணவியின் கேள்விக்குப் பதில் 2006இல் சியாட்டிலில் வில்லியம் கேட்டரால் ஆய்வகத்திலிருந்து வந்தது. இந்தச் சேனல் குறைவதால் அதிகம் அடிபடுவது அடக்கும் செல்கள். கலிங்கு அடைபட்ட ஏரியில் வரத்து கூடவே வேண்டாம், வழக்கமான மழைக்கே கரை உடையும். கார்பமாசெபின், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் சோடியம் சேனலை அடைப்பவை. மற்ற பல வலிப்புகளுக்கு நல்ல மருந்துகள்தான். இந்தக் குழந்தைகளுக்கோ ஏற்கெனவே தளர்ந்த அடக்கும் செல்களை அவை இன்னும் முடக்கி, வலிப்பைக் கூட்டிவிடும். லாமோட்ரிஜினால் இப்படி நடப்பதை 1998இலேயே மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள்; காரணம் மட்டும் அப்போது தெரியவில்லை.

முதல் வயதில் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால் மரபணுச் சோதனையைத் தள்ளிப் போடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மார்ச் 7, வெள்ளி

குழாய் நுனிகள் உடைந்துகொண்டே இருந்தன. அளவீடு எதுவும் இல்லை.

மார்ச் 12, புதன்

ஒரு தாய் எழுதியிருந்தார்: "எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் வலிப்பு இல்லை. தடுப்பூசி போட்ட அன்றுதான் தொடங்கியது. நாங்கள் போட்டிருக்கக் கூடாதோ?"

உடனே பதில் எழுதினேன். பெரும்பாலான ட்ரவே குழந்தைகளிடம் மாற்றம் புதிதாகத் தோன்றுகிறது, பெற்றோரிடம் இருப்பதில்லை. தடுப்பூசியைப் பற்றி, மெல்பர்னின் சாமுவேல் பெர்கோவிச் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்ததில் 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்திருக்கலாம். நோய் மரபணுவில் முன்பே இருந்தது. அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று முடித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

மதியம் முழுக்கச் சிகிச்சை பற்றிய பேச்சு. இதய வால்வைக் கெடுத்ததால் 1997இல் விலக்கப்பட்ட உடல்மெலிவு மருந்து ஃபென்ஃப்ளூரமின், குறைந்த அளவில் ட்ரவேக்காக 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல குழந்தைகளுக்கு வலிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் அது மூலக் காரணத்தைத் தொடுவதில்லை. நல்ல மரபணுவை வைரஸில் ஏற்றி அனுப்பலாம் என்றால், இதன் குறியீடு சுமார் 6,000 எழுத்து. வழக்கமான ஏஏவி வைரஸ் 4,700 அளவுதான் சுமக்கும். அதனால் மிச்சமிருக்கும் நல்ல பிரதியையே கூடுதலாகப் புரதம் செய்ய வைக்கும் ஆன்டிசென்ஸ் மருந்தில்தான் என் நம்பிக்கை. மனிதர்களிடம் பரிசோதனை நடக்கிறது.

எந்த வயதில் கொடுப்பது என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஃபிலடெல்ஃபியாவின் ஈத்தன் கோல்ட்பெர்க் குழு 2018இல் காட்டியபடி, வேகமாகத் துடிக்கும் அடக்கும் செல்கள் எலிக்கு ஐந்து வாரம் ஆகும்போது மறுபடி ஒழுங்காகத் துடிக்கின்றன. வலிப்போ நிற்பதில்லை. துடிப்பு செல்லில் பிறந்தும், ஆக்சான் என்ற அதன் நீண்ட இழை வழியே கடைசி வரை போய்ச் சேரவில்லையா? அடுத்த வாரம் வளர்ந்த எலிகளில், அடக்கும் செல்லிலும் அது தொடும் தூண்டும் செல்லிலும் ஒரே நேரத்தில் குழாய் வைத்து அளக்கப்போகிறோம்.