கடைமடையிலிருந்து பார்த்தால்

குமரி மாவட்டத்துக்கு வறட்சியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும், துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மண் இது. மேலே கோதையாறு; பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள். வேளாண்மைத் துறையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் களப்பணி பார்த்த எனக்கு அந்த நம்பிக்கையே பெரிய கவலை. ஒரு மழை ஏமாற்றினால் இன்னொன்று காப்பாற்றும் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

2016-ல் இரண்டுமே கைவிட்டன. தென்மேற்குப் பருவமழை பக்கத்துக் கேரளத்திலேயே 34 சதவீதம் குறைவு. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. குமரியும் அதில் சேர்த்தி.

அந்தத் தை மாதம் கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல், கதிர் வெளிவந்து நின்ற நேரம். சானலில், அதாவது பாசனக் கால்வாயில், முறைவைத்துத்தான் தண்ணீர். தலைமடையில் வரப்பு வரை பச்சை; கடைமடையில் களிமண் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. வயதான விவசாயி ஒருவர் கதிர் ஒன்றைப் பறித்து, நெல்மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். பால் இல்லை, வெறும் உமி. “வெள்ளம் எப்பம் சார் வரும்?” என்று கேட்டார். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் தண்ணீர் தவறினால், பிறகு எவ்வளவு பாய்ச்சியும் பதர் மணியாகாது. அது தெரிந்தே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

மழை குறைவது ஒரு பக்கம்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தை அதனால் தாங்க முடியும். மழை இல்லாத நாட்களில் அந்த ஈரத்தை அது வயலிலிருந்தும் குளத்திலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சுகிறது. பெய்யும்போது ஒரே கொட்டாகக் கொட்டுகிறது. ஆண்டு மொத்தத்தில் மழை சரியாக இருக்கும், பயிர் மட்டும் காயும். முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை வந்த வேளாண் வறட்சி, புவி வெப்பம் 2 டிகிரி கூடினால், வறண்டுவரும் பகுதிகளில் 2.4 மடங்கு அடிக்கடி வரும் என்று 2021-ல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு மதிப்பிட்டது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வறண்டால் நம் அணைகள் என்ன செய்யும்? முக்கடல் அணையின் மட்டம் மைனஸ் அடிக்குப் போகும் கோடைகளில் நாகர்கோவில்காரர்கள் குடிநீருக்குப் படும் பாடு எல்லோருக்கும் தெரியும்.

என் அனுபவத்தில் வறட்சியின் நட்டம் தையில் தெரிந்தாலும், அது முடிவாவது நாற்றங்கால் போடும் நாளில். கும்பப்பூவுக்கு திருப்பதிசாரம் 3 நெல் ரகம் போட்டால் 135 நாளுக்கு மேல் தண்ணீர் வேண்டும். அம்பை 16 ரகம் என்றால் 110, 115 நாளில் அறுத்துவிடலாம். மூன்று வாரத் தண்ணீர் மிச்சம். ஆனால் இதை வயல் நட்டபின் சொல்லிப் பயனில்லை. விவசாயியைக் குறை சொல்வதும் நியாயமில்லை: அணையில் இருக்கும் தண்ணீர் எத்தனை நாளுக்குக் காணும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை, போன வருடம் போட்டதையே போடுகிறார்.

குளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டில் சானல் தண்ணீர் குளத்தில் நின்றுதான் வயலுக்குப் போனது. ஆகாயத்தாமரையும் வண்டலும் அடைத்த குளத்தில் அந்த இருப்பு இல்லை. மடை திறந்தால் தலைமடை எடுத்ததுபோக மிச்சம்தான் கீழே.

ஆவணியிலேயே அணை இருப்பைக் கணக்கிட்டு, எந்தச் சானலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று ஊர்தோறும் எழுதி ஒட்ட வேண்டும். இருப்பு குறைந்த வருடம் குறுகிய கால விதையை அப்போதே விதை டிப்போவில் வைத்திருக்க வேண்டும். முறை வைக்கும்போது முதல் முறை கடைமடைக்குப் போகட்டும்.