23 என்று எழுதியது 33 ஆன கதை

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு கேரளம், வீட்டில் தமிழ், பெரிய வைத்தியம் என்றால் கோயமுத்தூர். மகளுக்கு 13 வயது. வலது பக்கம் மேல் சிங்கப்பல் முளைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடது பக்கம் மட்டும் பால் பல்லே அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

இதை அவளுடைய 10 வயதிலேயே பக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் கேட்டேன். "தானா விழும், அவசரப்படாதீங்க" என்றார். நம்பி மூன்று வருஷம் விட்டுவிட்டேன். இப்போதும் மனசை அறுப்பது அதுதான். 10 வயதுவாக்கில், பால் சிங்கப்பல்லுக்கு மேலே ஈறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால், உள்ளே இருக்கும் பல்லின் புடைப்பு தட்டுப்பட வேண்டுமாம். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறு பக்கம் இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். அந்த வயதில் கண்டுபிடித்தால் பால் பல்லைப் பிடுங்கிவிட்டாலே நிறையப் பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பது தானாக வழிக்கு வந்துவிடுகிறது. எங்களுக்கு அந்த வயது கடந்துவிட்டது.

கோவையில் கம்பி போடும் டாக்டர், வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே பார்த்ததுமே சொல்லிவிட்டார். பல் இருக்கிறது, ஆனால் அண்ணத்துப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது. அதன் முனை முன்பல்லின் வேரில் இடிக்கிறதா, வேரைக் கரைத்திருக்கிறதா என்பது தட்டைப் படத்தில் தெரியாது, பல்லை எல்லாப் பக்கமிருந்தும் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார். வீட்டுக்குப் பக்கம், பள்ளிக்கூடமும் அரை நாள்தான் போகும் என்று பாலக்காட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். பத்து நிமிஷ வேலை. 2,500 ரூபாய் கட்டி சிடியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் மகளுக்கு லீவு போட்டு, வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். சிடியைப் போட்டவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். "இது கீழ்த்தாடைம்மா."

சீட்டில் அவர் எழுதியது 23. ஸ்கேன் சென்டரில் படித்தது 33. பல் டாக்டர்கள் வாயை நாலாகப் பிரித்து எண் போடுகிறார்கள். பிள்ளையின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அடுத்த எண், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. சிங்கப்பல் மூன்றாவது. ஆக 23 மேல் இடது சிங்கப்பல், 33 அதற்கு நேர் கீழே இருப்பது. ஒரு சுழி சரியாக விழாததால், ஒரு குறையும் இல்லாத பல்லைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. கதிர்வீச்சு கொஞ்சம்தான் என்கிறார்கள், சரி. ஆனால் வளரும் பிள்ளைக்குத் தேவையில்லாமல் எதற்கு ஒரு தடவை?

மறுநாளே பாலக்காடு போனேன். கவுன்டரில் இருந்த பெண், "பேப்பரில் 33 ஆணு சேச்சி" என்று சொல்லி, மறுபடி எடுக்கப் பணம் கட்டச் சொன்னார். மேனேஜரும் வந்து அதையே சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. 22-ஆம் தேதி. அந்த 2-க்கும் இந்த 2-க்கும் இம்மியும் வித்தியாசம் இல்லை. அதே வளைவு, அதே குட்டை வால். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி மேனேஜர் முன்னால் வைத்தேன். "இது 33 என்றால் மேலே இருக்கும் தேதியும் 33 ஆகணுமே சார், அப்படி ஒரு தேதி இருக்கா?" என்று கேட்டேன். இரண்டு தடவை பார்த்தார். பணம் வாங்காமல் எடுத்துக்கொடுத்தார்கள். இந்த முறை மகளை உள்ளே அனுப்புவதற்கு முன்னால் பல்லைத் தொட்டுக் காட்டினேன், படம் வந்ததும் திரையில் மேல்தாடைதானா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். முதல் நாளே யாராவது "மேலேயா, தாழேயா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

டாக்டரின் அடுத்த தேதி கிடைக்க மூன்று வாரம் ஆனது. நல்லவேளை, பக்கத்துப் பல்லின் வேர் கரையவில்லை. கம்பி மாட்டி, இடம் உண்டாக்க ஆறு மாதம். அது பாட்டுக்கு நடந்தது.

பால் பல்லைப் பிடுங்கும் சீட்டிலும் எண்தான். பால் பல்லுக்கு வேறு கணக்கு, 5-லிருந்து 8 வரை. மேல் இடது பால் சிங்கப்பல் 63. ஊசி போடுவதற்கு முன்னால் "இடது மேல், 63 தானே டாக்டர்" என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யாராவது கோபித்தாலும் கேட்டுவிடுங்கள். ஸ்கேன் தப்பானால் மறுபடி எடுக்கலாம், தப்பாகப் பிடுங்கிய பல்லை என்ன செய்வது?

அதே நாளில் மரத்துப்போக ஊசி போட்டு, அண்ணத்து ஈறைத் திறந்து, உள்ளே படுத்திருந்த பல்லில் ஒரு சின்ன உலோகப் பட்டனை ஒட்டி, அதில் சங்கிலி கோத்துக் கம்பியில் கட்டினார்கள். மூன்று நாள் கஞ்சியும் இளநீரும். பத்து நாள் கழித்து ஞாயிறு ராத்திரி, சாப்பிடும்போது பட்டன் கழன்று சங்கிலி நாக்கில் குத்த ஆரம்பித்தது. கம்பி போட்ட அன்றே கொடுத்த மெழுகை உருட்டி நுனியில் ஒட்டிவிட்டேன், தூங்கினாள். அந்த மெழுகு டப்பா எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். காலையில் போன் பண்ணாமல் பஸ் ஏறியது என் தப்பு. அறுவை டாக்டர் வியாழன் மட்டும்தான் வருவாராம். திரும்பி வந்து, வியாழன் மறுபடி போனோம். ரத்தமோ எச்சிலோ பட்டால் ஒட்டு பிடிக்காது, இது பலருக்கும் நடப்பதுதான் என்றார். ஈறைத் திறந்தே விட்டிருந்ததால் வெட்டாமல் அங்கேயே திரும்ப ஒட்டிவிட்டார். ஈறை மூடித் தைத்திருந்தால் மறுபடி அறுவைதான். எந்த முறையில் செய்யப்போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

சங்கிலி கட்டி இப்போது பதினோரு மாதம். பல் அண்ணத்திலிருந்து வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் திரும்பி நிற்கிறது, அதை நேராக்க இன்னும் நாலைந்து மாதம் என்கிறார் கம்பி டாக்டர். போன முறை ஓர் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதியவர், 23-க்குப் பக்கத்தில் தமிழில் "மேல் இடது சிங்கப்பல்" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டு மகள் கையில் கொடுத்தார். அவள் அதை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்து எடுத்து வந்தாள்.