விரிதாளில் வரிசைக்கு நிறம்: கையால் பூசுவதிலிருந்து விதிக்கு மாறிய அனுபவம்

பழைய அச்சு நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து மின்னூலாக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். எந்த நூல் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பதெல்லாம் கூகுள் ஷீட்ஸில் ஒரே தாளில் பதிவாகின்றன. ஒரு நூலுக்கு ஒரு வரிசை. அந்தத் தாளைப் பராமரிக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தபோது பாதி வரிசைகளில் நிறம் இருந்தது. அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

விசாரித்தபோது ஒவ்வொருவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். மஞ்சள் என்றால் மெய்ப்பு முடிந்தது என்றார் ஒருவர். மெய்ப்புக்குப் போயிருக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான், அவரவர் அந்தப் பொருளில்தான் பூசியிருந்தார்கள். ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை இருந்தும் அதில் பெரும்பாலான கட்டங்கள் காலி. சொல்ல வேண்டிய செய்தியை நிறமே சுமந்துகொண்டிருந்தது. ஷீட்ஸில் நிறத்தை எண்ணிச் சொல்லும் ஃபார்முலா எதுவும் உள்ளமைவாகக் கிடையாது. அதற்குத் தனியாக ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சிறு நிரல், எழுத வேண்டும். ஆகவே ‘எத்தனை நூல் முடிந்தது?’ என்ற எளிய கேள்விக்குக்கூட விரலால் எண்ணித்தான் பதில் சொல்ல முடிந்தது. நிறம் தகவலிலிருந்து பிறக்க வேண்டும், தகவலாக நிறத்தை வைக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் வேலை, இருக்கும் நிறங்களை எழுத்துக்கு மாற்றுவது. தாளை ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு நெடுவரிசை சேர்த்து 1, 2, 3 என்று எண் போட்டேன். எப்படிக் கலைத்தாலும் பழைய வரிசைமுறைக்குத் திரும்ப அது உதவும். பிறகு ஃபில்டர் போட்டு, நிறத்தை வைத்து வரிசைப்படுத்தும் வசதியைத் திறந்தேன். அந்தப் பட்டியலைப் பார்த்ததும்தான் முழு நிலவரமும் புரிந்தது. கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரிந்தது உண்மையில் பல மஞ்சள்கள். ஒவ்வொருவரும் நிறத்தட்டில் கை போன இடத்தில் தொட்டிருந்தார்கள். ஒவ்வொரு மஞ்சளையும் மேலே கொண்டுவந்து, பூசியவரைக் கேட்டு, நிலை நெடுவரிசையில் உரிய சொல்லை நிரப்பினேன். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘முடிந்தது’, ‘முடிந்துவிட்டது’, ‘முடிவுற்றது’ மூன்றும் நமக்கு ஒன்று, விரிதாளுக்கு வேறு வேறு. சொல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் அது வேறு சொல்தான். அதனால் நிலை நெடுவரிசைக்கு டிராப்டவுன், அதாவது சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல், வைத்தேன்: ‘தட்டச்சில்’, ‘மெய்ப்பில்’, ‘முடிந்தது’. பட்டியலில் இல்லாத சொல்லை ஏற்காதபடியும் அமைத்தேன்.

இனி நிறம். தாள் முழுவதும் கையால் பூசிய நிறத்தை எடுத்துவிட்டு, தலைப்பு வரிசையைத் தவிர மற்ற எல்லா வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கைத் திறந்தேன். நாம் ஒரு விதி வைத்தால், அது பொருந்தும் கட்டங்களுக்குத் தானே நிறம் கொடுக்கும் வசதி அது. அங்கே ‘இந்தச் சொல் இருந்தால்’, ‘இந்த எண்ணைவிடப் பெரியதாக இருந்தால்’ என்று பல தெரிவுகள் உண்டு. அவை அந்தச் சொல் இருக்கும் கட்டத்துக்கு மட்டும் நிறம் கொடுப்பவை. வரிசை முழுதும் நிறம் பெற, பட்டியலின் கடைசியில் இருக்கும், நிபந்தனையை நாமே எழுதும் கஸ்டம் ஃபார்முலாவுக்குப் போக வேண்டும். எங்கள் தாளில் நிலை என்பது ஈ நெடுவரிசை. முடிந்த நூலுக்குப் பச்சை என்று வைத்து எழுதிய ஃபார்முலா இதுதான் (ஈ என்ற இடத்தில் தட்டச்சில் ஆங்கில எழுத்து வரும்):

=$ஈ2="முடிந்தது"

இதில் உயிர்நாடி அந்த டாலர் குறி. அது என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பி, அதை நீக்கியும் ஓட்டிப் பார்த்தேன். ‘முடிந்தது’ என்ற சொல் ஈ நெடுவரிசையில் இருக்க, பச்சை மட்டும் முதல் நெடுவரிசையான ஏ-யில், நூலின் பெயர் மேல் ஏறியது. மற்ற கட்டங்கள் வெள்ளையாகவே நின்றன. காரணம் எளிது. விதி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஓடுகிறது. ஏ2 கட்டம் ஈ2-ஐப் பார்க்கிறது. அடுத்த பி2 ஒரு கட்டம் நகர்ந்து எஃப்2-ஐப் பார்க்கிறது. அதற்கடுத்தது இன்னும் தள்ளிப் பார்க்கிறது. எழுத்துக்கு முன் டாலர் போட்டுவிட்டால் நெடுவரிசை நகராது. அந்த வரிசையில் இருக்கும் எல்லாக் கட்டங்களும் ஈ-யையே பார்க்கும். எண்ணுக்கு முன் டாலர் போடாததால் வரிசை எண் மட்டும் கீழே கீழே நகரும். இரண்டுக்கும் டாலர் போட்டால், தாள் முழுவதும் அந்த ஒரே கட்டத்தைப் பார்த்து ஒன்றாகப் பச்சையாகும், அல்லது ஒன்றாக வெள்ளையாகும். இந்த ஒன்று புரிந்தால் மீதி எல்லாம் தானே வந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். எக்ஸெலிலும் கணக்கு இதேதான்.

எண்ணும் முக்கியம். விதி 2-ஆம் வரிசையிலிருந்து தொடங்கினால் ஃபார்முலாவிலும் 2 இருக்க வேண்டும். அங்கே 1 என்று இருந்தால், முடிந்த நூலுக்குக் கீழே இருக்கும் நூல் பச்சையாகும்.

அடுத்து, கெடு தாண்டிய நூல்களுக்கு வெளிர் ஆரஞ்சு. தேதி இன்றைக்கு முந்தையதாக இருக்க வேண்டும், நிலை ‘முடிந்தது’ என்று இருக்கக் கூடாது. இவ்விரண்டையும், எல்லா நிபந்தனைகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அண்ட் என்ற ஃபங்ஷனில் சேர்த்து, இன்றைய தேதிக்கு டுடே ஃபங்ஷனைப் போட்டேன். போட்டதும் தாளின் அடியில் இருந்த காலி வரிசைகள் எல்லாம் ஆரஞ்சாயின. காலிக் கட்டத்தை விரிதாள் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் இன்றைய தேதிக்கு முந்தியது. ‘தேதி காலியாக இருக்கக் கூடாது’ என்று மூன்றாவது நிபந்தனை சேர்த்ததும் சரியானது.

அதற்கு நேர்மாறாக, கெடு தாண்டியும் நிறம் மாறாத வரிசைகள் சில இருந்தன. உற்றுப் பார்த்தேன்: மற்ற தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இவை மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றன. அவை தேதிகள் அல்ல, தேதி போலத் தோன்றும் எழுத்துகள். நாள் முதலிலா மாதம் முதலிலா என்பதைத் தாளின் அமைப்புகளில் உள்ள லோக்கேல், அதாவது எந்த நாட்டு வழக்கம் என்ற தெரிவு, தீர்மானிக்கிறது. மாதம் முதலில் என்று அது வைத்திருக்கும் தாளில் 25/3 என்று அடித்தால், 25-ஆம் மாதம் ஏது? வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். லோக்கேலை மாற்றி, அந்தத் தேதிகளை மறுபடி அடித்தேன். அதே இடத்தில் நேர மண்டலத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. ‘இன்று’ எப்போது பிறக்கிறது என்பதைத் தாளின் நேர மண்டலம்தான் சொல்லும். உறுப்பினர்கள் பல நாடுகளில் இருக்கும் குழுவில் இது அவசியம்.

விதிகள் பல இருந்தால், ஒரு கட்டத்துக்கு இரண்டு பொருந்தும்போது மேலே இருப்பதுதான் வெல்லும். இழுத்து மேலும் கீழும் மாற்றலாம். எங்களுக்கு மூன்று விதிகள் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் போனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நிறத் தேர்விலும் கவனம் தேவைப்பட்டது. முதலில் பச்சை, சிவப்பு என்றுதான் யோசித்தேன். குழுவில் ஒருவர் இரண்டும் தனக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிறது என்றார். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை நிறப் பார்வைக் குறைபாடு உண்டு. மற்ற மக்களிடையே விகிதம் குறையலாம், ஆனால் இல்லாமல் இல்லை. நிறத்தை மட்டுமே நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்று வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. பச்சைக்குப் பதில் வெளிர் நீலம் வைத்தேன். நிலைச் சொல் எப்போதும் கட்டத்தில் இருப்பதால், நிறமே தெரியாதவருக்கும், கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவருக்கும் தாள் முழுமையாகப் புரிகிறது. மாற்றத்தில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது இதுதான்.

இப்போது பராமரிப்பு என்று பார்த்தால் ஒன்றுதான். வரிசைகளை வெட்டி ஒட்டும்போது விதிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு, ஒரே விதி துண்டு துண்டாகப் பெருகும். அதனால் மதிப்பை மட்டும் ஒட்டும்படி, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லியிருக்கிறேன். மறந்து ஒட்டுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவ்வப்போது விதிப் பட்டியலைத் திறந்து, உதிரித் துண்டுகளை நீக்கி, முதல் விதியின் எல்லையைக் கடைசி வரிசை வரை நீட்டிவிடுகிறேன்.