காப்பிக்குப் பேர், சோடாவுக்கு வேலை

காப்பித்தூளில் டெவலப் செய்த நாலாவது பிலிம் ரோலில் காளை வந்துவிட்டது. நெகட்டிவில் திமில் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடியாக இல்லாமல், மெல்லிய சாம்பலில் மயிர் மயிராகத் தெரிகிறது. குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். காயாத பிலிமுக்குப் பக்கத்தில் மூச்சுக்கூட விடக் கூடாது, தூசி ஒட்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான்தான்.

முதல் மூன்று ரோல் போன கதையைச் சொன்னால்தான் இந்த நாலாவதின் அருமை தெரியும்.

காப்பித்தூளில் பிலிம் டெவலப் செய்வது, அதாவது எடுத்த படத்தைப் பிலிமில் கண்ணுக்குத் தெரிய வைப்பது, ஒன்றும் புது வித்தை இல்லை. 1995-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் மாணவர்களும் செய்து காட்டியது. வைட்டமின் சி பிறகு சேர்ந்தது. கேஃபினால் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் உள்ளே வேலை செய்வது கேஃபீன் இல்லை, கேஃபிக் அமிலம் மாதிரியான பீனால்கள். என் அளவு 500 மில்லிக்கு இது: சோடா 27 கிராம் (எந்தச் சோடா என்பதில்தான் கதையே), வைட்டமின் சி 8 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித்தூள் 20 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம். காப்பித்தூளில் சிக்கரி கலந்திருக்கக் கூடாது. நம் ஊரில் அதைத் தேடி வாங்குவதே ஒரு வேலை, பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு இதில் ரொம்ப வருத்தம். "இத்தன காசு குடுத்து வாங்குன தூளக் கழனித் தண்ணியாட்டக் கரைச்சு ஊத்தறயே கண்ணு" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் ரோல் கண்ணபுரம். சித்திரையில் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தை. மாமாவின் பழைய யாஷிகா மேட் 124ஜி காமிரா, உள்ளே எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம். அந்தக் காமிராவில் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், இடம் வலமாகத் தெரியும். காளை வலப்பக்கம் முறுக்கினால் கண்ணாடியில் அது இடப்பக்கம் போகும், நாமும் பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் திரும்புவோம். மாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு படத்தையும் எண்ணி எண்ணி எடுத்தேன்.

வீட்டில் டெவலப் செய்து டேங்கை (பிலிமை உள்ளே வைத்து ரசாயனம் ஊற்றும் இருட்டு டப்பா) திறந்தால் பளிங்கு மாதிரி சுத்தமான பிலிம். ஒரு புள்ளி இல்லை.

ஷட்டர் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஓரத்தைப் பார்த்தேன். கம்பெனிக்காரன் ஆலையிலேயே பதித்து அனுப்பும் எண்ணும் எழுத்தும் கூட இல்லை. ஓர எழுத்து இருந்து படம் மட்டும் இல்லையென்றால் காமிராவைச் சந்தேகப்படலாம். ஓர எழுத்தே இல்லையென்றால் தப்பு டேங்குக்குள்ளே. பிக்ஸரை (டெவலப் ஆன படத்தை நிலைக்க வைக்கும் திரவம்) முதலில் ஊற்றிவிட்டேனோ என்று கேனைக் கேனாக முகர்ந்து பார்த்தேன். இல்லை. தூளும் சரி, வைட்டமினும் சரி. மிச்சம் இருந்தது சோடா.

மளிகைக்கடைக்குப் போனேன்.

"ஏனுங்கண்ணா, போன வாரம் சோடா வாங்கிட்டுப் போனனே, அது எந்தச் சோடாங்க?"

"சோடான்னா ஆப்ப சோடாதானுங்க தம்பி. துணிக்குப் போடறதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற எடுத்துக் குடுத்திருப்பனுங்க."

அவர் மேல் தப்பே இல்லை. நான் கேட்டது "சோடா". அவர் கொடுத்தது சோடா. வருசத்துக்கு ஒரு தடவை வரும் சந்தை ஆப்ப மாவுக்குப் போகவேண்டிய பொடியில் கரைந்துபோனது.

இங்கேதான் எனக்குப் பித்துப் பிடித்தது. அந்த ஆப்ப சோடாவையே டெவலப்பருக்கு வேண்டிய சோடாவாக (சோடியம் கார்பனேட்) மாற்றிக் காட்டுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை இரும்பு வாணலியை அடுப்பில் வைத்தேன். (அலுமினியப் பாத்திரம் வேண்டாம், இந்தக் காரம் அலுமினியத்தை அரிக்கும்.) 100 கிராம் போட்டு மிதமான தீ. கொஞ்ச நேரத்தில் காய்ந்த பொடி தண்ணீர் மாதிரி தளதளவென்று கொதிக்கும். கரண்டியை விட்டால் பால் மாதிரி வழிந்து ஓடும். உள்ளிருந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிற ஆட்டம் அது. ஆட்டம் அடங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்தி எடை போட்டேன்: 71 கிராம். கணக்குப்படி 63 வர வேண்டும். திரும்ப அடுப்பு. 66. இன்னொரு இருபது நிமிடம் கிளறினேன். 63.5. அதற்குமேல் இறங்கவில்லை. கண்ணுக்குப் பொடியில் எந்த வித்தியாசமும் தெரியாது, அதே வெள்ளைதான். தராசு மட்டும்தான் உண்மை பேசும். நாக்கில் வைத்துப் பார்த்துத் தொலைக்காதீர்கள், ஆப்ப சோடா மாதிரி சாதுவில்லை இது.

இன்னொரு குழியும் இருக்கிறது. சலவைச் சோடா என்று கல் கல்லாகக் கொடுப்பார்களே, அதில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தக் கல்லை 27 கிராம் போட்டால் உண்மையில் 10 கிராம் சோடாதான் விழும். கல்லாக இருந்தால் 73 கிராம் போட வேண்டும். கல் பழசாகி மேலே மாவு பூத்திருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது, எவ்வளவு தண்ணீர் வெளியேறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குறிப்பில் "சோடா 27 கிராம்" என்று எழுதிவிட்டு எந்தச் சோடா என்று சொல்லாதவர்களை என்ன செய்வது? நானும் போன வருசம் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இந்த வாணலிக் கூத்தை ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கும் நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "மாப்ள, திருப்பூர்ல உக்காந்துக்கிட்டுச் சோடாவ வாணல்ல வறுத்த மொத ஆளு நீதான். இங்க அம்பது கிலோ மூட்ட அடுக்கிக் கெடக்குது."

போய்ப் பார்த்தால் நிஜம். சாயம் துணியில் பிடிக்கச் சோடா ஆஷ், அதாவது அதே சோடியம் கார்பனேட், ஈரமில்லாத சுத்தப் பொடி. அதற்குப் பக்கத்தில் ப்ளீச்சில் மிஞ்சும் குளோரினை முறிக்க ஹைப்போ, எனக்கு அதுதான் பிக்ஸர். காரத்தை இறக்க அசிட்டிக் அமிலம். துணி தண்ணீரை உடனே குடிக்க வெட்டிங் ஆயில். ஒரு டார்க்ரூம் அலமாரியைப் பிரித்து ட்ரம் ட்ரம்மாக வைத்த மாதிரி இருந்தது. இருபது வருசமாக இந்த ஊரில் இருந்துகொண்டு ஹைப்போவை கூரியரில் வரவழைத்துக்கொண்டிருந்தேன். அவன் பிஎச் தாளை நனைத்துக் காட்டினான்: ஆப்ப சோடாக் கரைசல் 8 பக்கம், சோடா ஆஷ் 11. காப்பி டெவலப்பருக்குப் 10-ஆவது வேண்டும். என் கண்ணபுரம் அந்த இரண்டு மூன்று எண்ணுக்கு நடுவே போயிருக்கிறது.

ரெண்டாவது ரோல் நல்ல சோடாவில்தான், ஆனால் பிலிம் முழுக்கக் கரிப்புகை படிந்த மாதிரி கறுப்பு. எச்பி5 மாதிரி வேகமான (வெளிச்சத்தைச் சீக்கிரம் பிடிக்கும்) பிலிமுக்கு இந்தச் சூப் அப்படிச் செய்யும். மூன்றாவதில் சமையலறை அயோடின் உப்பு 5 கிராம் சேர்த்ததும் புகை இறங்கியது. ஆனால் கலக்கிய உடனே ஊற்றியதால் நுரை ஒட்டி வானம் முழுக்க அம்மைத் தழும்பு. இப்போதெல்லாம் கலக்கியபின் பத்து நிமிடம் ஆறவிடுகிறேன். சோடா கரைந்த பிறகுதான் வைட்டமின் சி, அது பொங்கி அடங்கிய பிறகுதான் காப்பி. அப்புறம் ஒரு துண்டு வேஸ்ட் பிலிமைப் பகல் வெளிச்சத்திலேயே அதில் போடுவது. ஐந்து நிமிடத்தில் கரியாகிவிட்டால் ரோலை நம்பி உள்ளே விடலாம். இந்த ஐந்து நிமிடத்தைச் சித்திரையில் செலவழித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

நாலாவது ரோல் காங்கேயம் பக்கம் எங்கள் சொந்தக்காரர் தோட்டத்தில், ஒரு மயிலைக் காளை. கறுப்பு வெள்ளைக்காரனுக்குக் காங்கேயம் மாடு மாதிரி வாய்ப்பு வேறில்லை. உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் கறுத்துக்கொண்டே போகும், கண்ணைச் சுற்றி மை. வெளிச்சம் அளக்க வைக்கும் சாம்பல் அட்டையை, அந்தக் கிரே கார்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், மயிலையின் விலாவில் லைட் மீட்டர் பிடித்தால் போதும். செவலைக் கன்றும் ஒன்று நின்றது, அதை எடுத்தது சரியாக வரவில்லை, அது அசைந்துகொண்டே இருந்தது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் சோடாவைப் போட்டால் உடனே சுண்ணாம்பு மாதிரிக் கலங்கும், கடைசிக் கழுவலில் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். டெவலப்பர் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் ஆர்ஓ தண்ணீர்தான், நடுவில் ஓடுவதற்குப் போர் தண்ணீர். வெட்டிங் ஆயிலை ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், நுரை நிற்கவே இல்லை, திரும்ப மூன்று தடவை அலசினேன். அது துணிக்கே இருக்கட்டும்.

டெவலப்பரை நிறுத்த அசிட்டிக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு சோடா ஊறிய பிலிமில் புளிப்புப் பட்டால் ஜெலட்டினுக்குள் குமிழ் கிளம்பும், பச்சைத் தண்ணீரே போதும். ஹைப்போ கரைக்கும்போது ஒரு வேடிக்கை: பாத்திரம் ஜில்லென்று ஆகி வெளியே வியர்க்கும். கரையும்போது சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. முன்னாடியே கரைத்து வையுங்கள், குளிர்ந்த ஹைப்போவில் பிலிம் தெளிய ரொம்ப நேரம் ஆகும். அந்தக் குளிர்ச்சியை டெவலப்பரை இறக்கப் பயன்படுத்தலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. மாடித்தொட்டித் தண்ணீர் 33 டிகிரியில் வரும்போது ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது.

பழைய ஹைப்போவை மட்டும் சாக்கடையில் ஊற்றுவதில்லை, அதில் வெள்ளி இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் எப்படி அடங்கிக் கிடந்தது என்று பார்த்தவன் நான். நொய்யல் ஆற்றுக்கு என் பங்கு ஒரு லிட்டரும் வேண்டாம். ஐந்து லிட்டர் கேனில் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு வெள்ளியைப் படிய வைக்கப் பார்க்க வேண்டும்.

மாமாவின் தகரப்பெட்டியில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிராண்ட் பிலிம் ரோல் ஒன்று பிரிக்காமல் கிடைத்தது. ஆலையே மூடிக் கிடக்கிறது, உள்ளே என்ன மிச்சம் இருக்குமோ. அதற்கு உப்பை இரட்டிப்பாக்கலாமா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை வருகிறது, அங்கே அதைத் துணிந்து போடுவதா, எச்பி5 போதுமா தெரியவில்லை. காளைப் படத்தை இன்னும் பிரிண்ட் போடவில்லை. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரின் லென்ஸில் பூஞ்சை, அதைத் திறக்க ஸ்பேனர் இல்லை.

நண்பன் அளவு ஜாடியைத் திருப்பிக் கேட்டு மூன்று தடவை போன் செய்துவிட்டான். உள்ளே காப்பிக் கறை போக மாட்டேன் என்கிறது.