கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை

பாளையங்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. கல்லூரி வயதுப் பெண்கள் பெரும்பாலும் தைராய்டு பார்க்கத்தான் வருவார்கள். எடை ஏறினாலும் தைராய்டு, தீட்டு தள்ளிப்போனாலும் தைராய்டு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். டாக்டர் சுகரும் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தால் கூட வந்த அம்மாவுக்கு முகம் மாறிவிடும். "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இது எதுக்கும்மா?" என்று என்னிடம் மெல்லக் கேட்பார்கள்.

நான் அந்தப் பெண்ணின் பின்கழுத்தைப் பார்ப்பேன். பலருக்கு அங்கே தோல் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருக்கும். செயின் போட்ட கறை என்று நினைத்துக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருப்பார்கள். தேய்த்தால் போகிற விஷயமே இல்லை அது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது கல்லீரலும் தசையும் இன்சுலினுக்கு மசிய மறுக்கின்றன. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின்தான் தோலைத் தடிக்க வைக்கிறது. சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டி, மாதாமாதம் வரவேண்டியதைத் தள்ளிப் போடுவதும் பல பேருக்கு அதுதான். இவ்வளவும் நடக்கும் காலத்தில் வெறும் வயிற்று சுகர் நார்மலாகவே வரலாம்.

"நான் குண்டு இல்லையே அக்கா" என்பார்கள். 155 செ.மீ. உயரத்துக்கு 56 கிலோ என்றால் யார் கண்ணுக்கும் குண்டாகத் தெரியாது. ஆனால் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டிவிட்டது. நம் உடல்வாகுக்கு அதுவே கூடுதல் எடைதான். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனால் எடை எதுவானாலும் சுகர் பார்த்துவிடுவது நல்லது.

கடந்த இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டுகிற எச்.பி.ஏ.1சி 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்த எண் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

இந்த எண்ணைப் பார்த்த பயத்தில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வேதனை. பட்டினி கிடக்கவே தேவையில்லை. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இந்த நிலையில் இருந்தவர்களைத் தினமும் நடக்கவும் உணவைச் சீராக்கவும் வைத்ததில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை. தராசு முள் நகரவில்லை என்று நடப்பதை விட்டுவிடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் பல பெண்கள் முதன்முதலாக சுகர் பார்ப்பதே கர்ப்பமான பிறகுதான். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து சுகர் 140-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே சுகர் ஏறியிருந்தால், குழந்தையின் இதயம் உருவாகிற முதல் வாரங்கள் அதற்குள் போயிருக்கும். தைராய்டுக்கு என்று கை நீட்டுகிற அன்றைக்கே இதையும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசி ஒரு தடவை குத்தினால் போதும்.